ஏரிச் சேற்றில் மெழுகு

மார்ச் 3, வியாழன்

காலையிலேயே வெயில். லாபில் ஈதர் குப்பியைத் தண்ணீர் வாளியில் வைத்துக் குளிரவிட்டுத்தான் திறக்க முடிகிறது.

மதியம் ஜெர்மனியிலிருந்து கடிதம். ஏரிச் சேறு பற்றிய என் கட்டுரையை, இத்தனை வருஷம் கழித்து, ஒருவர் படித்திருக்கிறார்! இலை மக்கினாலும் அதன் மேல்பூச்சு மெழுகு சேற்றில் மக்காமல் கிடக்கும். நான் சொன்னது இவ்வளவுதான். அன்று இங்கே சிரித்தார்கள். "உங்க தலை எண்ணெய் குடுவையில இறங்கியிருக்கும்மா." இவரும் மரியாதையாக அதையேதான் கேட்கிறார். அதே ஏரியில் ஆழத்து மண்ணைக் கைபடாமல் எடுத்து மறுபடி செய்து காட்ட முடியுமா? இல்லையென்றால் அவர் புத்தகத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் 'ஐயத்துக்குரியது'.

பிரின்சிபால் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரம்மா இந்த 'டியர் சார்'?"

நான்தான் சார்.

மார்ச் 5, சனி

ஏரிக்குப் போக பிரின்சிபாலிடம் கேட்டேன். லீவு கிடையாது. "ஆ செருவு, அந்த ஏரி, இங்க மனதி காதும்மா, இனி நம்மளது இல்லை. ஏப்ரல்ல எல்லை மாறி மெட்ராஸுக்குப் போயிடுது. அவங்க சேத்துக்கு நாம லீவு குடுக்கறதா?"

சித்தூர் ஆபீசில் மண் எடுக்க அனுமதி கேட்டால், இனி மெட்ராஸைக் கேள் என்கிறார்கள். மெட்ராஸ் இன்னும் வந்து சேரவில்லை. இரண்டு ராஜ்யமும் கைகழுவிய ஏரி. இதற்குள் வண்டல் அள்ளத் தொடங்கிவிடுவார்கள்.

நகரியில் தறி நெய்யும் தம்பி கோவிந்தனுக்குக் கார்டு போட்டேன்: ஆழத்து மண், கைபடாமல், கண்ணாடி ஜாடியில்.

சோப்பு வாங்கணும். பி செக்ஷன் பேப்பர்கள் திருத்தணும். ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 12, சனி

புழுக்கம். கோவிந்தன் வந்தான், முகமெல்லாம் சிரிப்பு. ஜாடி இல்லை. கஞ்சி போட்ட புதுத்துணியில் மூட்டை.

"வேரு, எலை, குப்பை எல்லாத்தியும் பொறுக்கிட்டேங்க்கா. காயவெச்சி, சல்லடையில சலிச்சிக்கினு வந்தேன். ரவை மாதிரி கீது பாரு."

"கைபடாமன்னு எழுதினேனே கோவிந்தா."

"சீமைக்குப் போற மண்ணு. அழுக்கா அனுப்புனா நம்ம ஊரைப் பத்தி இன்னா நெனைப்பாங்க?"

எனக்கு வேண்டியதை எல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைக் கொண்டுவந்திருக்கிறான். தறிப் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியில் எண்ணெய் வேறு. திட்ட வாய் வரவில்லை. சாப்பாடு போட்டேன். மூன்று தோசை தின்றுவிட்டு, "இன்னும் வேணும்னா சொல்லு, மூட்டை மூட்டையா சலிச்சித் தரேன்" என்றான்.

மார்ச் 13, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைக்கு யாரிடமும் லீவு கேட்க வேண்டாம். முதல் ரயிலில் கோவிந்தனோடு கிளம்பினேன். கரண்டி, ஜாடி எல்லாம் பென்சீனில் கழுவியது. சில நாளாகவே தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை.

ஏரியில் வண்டிகள். மேல் வண்டலை அள்ளிக்கொண்டிருந்தார்கள். கூடை சுமந்த ஒருத்தி என் தலையைப் பார்த்து நின்றாள்.

"இன்னா யம்மா, தலை இப்டி காஞ்சி கெடக்குது? வூட்ல யாருனா பூட்டாங்களா?"

"இல்லை. எனக்குக் கல்யாணமே ஆகலை."

"அதான் மண்ணு தோண்ட வந்துட்டியா!"

ஏரி முழுக்கச் சிரிப்பு. கோவிந்தனும் சேர்ந்து சிரித்தான். வண்டிக்காரர் ஒருவர் மட்டும், "தோண்டிக்கோம்மா, வண்டி வழிய மட்டும் மறிக்காத" என்றார்.

முழங்கை ஆழத்தில் கருப்பு அடுக்கு. மக்கிய இலை நாற்றம். கோவிந்தன் ஒரு வேரைப் பிடுங்கக் கை நீட்டினான், கத்திவிட்டேன். அவன் கரையில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

மார்ச் 18, வெள்ளி

கோவிந்தனுக்கு ஒரு கார்டு போட வேண்டும். என்ன எழுத?

நாலு நாளாகக் கல்லூரி முடிந்தபின் இதே வேலை. முதலில் மண் போடாமல் வெறும் ஈதரைக் குடுவையில் காய்ச்சி ஆவியாக்கினேன். ஒன்றும் இல்லை. துடைத்த மாதிரி. தலை எண்ணெயும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பிறகு சேற்றை ஈதரில் ஊறவைத்து வடித்து, அதே மாதிரி. அதே குடுவை, அதே கை.

மாலை கண்ணாடித் தட்டின் ஓரத்தில் வெள்ளையாக மெழுகு படிந்தது. உருகும் சூடும் பழைய கட்டுரையில் உள்ளதேதான். இரண்டு முறை பார்த்தேன்.

கதவைப் பூட்ட வந்த அட்டெண்டர் முனிரத்தினம் குனிந்து பார்த்தார்.

"இதுக்கா மேடம் இவ்ளோ பாடு?"

"ஆமாம்."

"நகத்தளவு கூட இல்லியே."

"போதும்" என்றேன்.