கத்திரி வெயிலில் ஐந்து புள்ளி இரண்டு

ஞாயிறு, மே 11

கத்திரி. காலை ஒன்பதுக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. துணி காய்ந்து அப்பளமாகிவிட்டது.

புதுக் கம்ப்யூட்டரை நானே பூட்டுவதற்காக நேற்று ரிச்சி தெருவில் வாங்கியவை: மதர்போர்டு, பிராசஸர், ரேம் இரண்டு, கூலர் (கோபுரம் மாதிரி, நினைத்ததைவிடப் பெரிது). பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்ற வேண்டியவை: கேபினெட், கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க். பவர் சப்ளை போன வருடம் மாற்றியது, அதுவே போதும். ஆவடி ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் பெட்டிகளை மடியில் அணைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவரை முறைத்தேன், பாவம்.

அடுத்த ஞாயிறு காலை தனசேகர் அண்ணனுக்குப் படம் போய்ச் சேர வேண்டும். திருநின்றவூரில் அவர் கட்டப்போகும் வில்லாக்கள். இன்னும் அஸ்திவாரம்கூட இல்லை. வாங்க வருகிறவர்கள் வீட்டுக்குள் நடந்து பார்ப்பதுபோல் நான் செய்து தர வேண்டும். வரைவு முடிந்தது. ரெண்டர்தான் பாக்கி, வரைவை நிஜம்போல் கம்ப்யூட்டர் தீட்டித் தர வேண்டும். பழைய கம்ப்யூட்டர் படம் படமாகத் தீட்டி முடிப்பதற்குள் ஜூன் வந்துவிடும். தேதி தவறினால் தி.நகர் கம்பெனிக்குப் போய்விடுவேன் என்று அண்ணன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லிவிட்டார் அல்லவா.

நான் வேலை பார்த்த தொழிற்பேட்டை ஆபீஸ் மூடிய பிறகு தனியாகப் பிடித்த முதல் பெரிய வேலை இது.

என் கணவன் பிரகாஷ் (இனி பி.) பெருங்குடியில் ஃப்ளாட் பார்த்து வைத்திருக்கிறான். அவன் ஆபீசுக்குப் பத்து நிமிடமாம். எனக்கும் அந்தப் பக்கம் "ஏதாவது" வேலை கிடைக்குமாம். அந்த "ஏதாவது"வை இரண்டு நாளாகத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். ஆவடியை விட்டு வர மாட்டேன் என்று மாமா ஒரே வரியில் முடித்துவிட்டார். அவர் தனியாக என்ன சாப்பிடுவார் என்ற பேச்சை அப்பாவும் எடுக்கவில்லை, மகனும் எடுக்கவில்லை.

திங்கள், மே 12

பி. ஆபீஸ் போனதும் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து ஆரம்பித்தேன். மாமா எதிர் நாற்காலியில். ரிட்டயர் ஆனதிலிருந்து அவர் வேலை உட்கார்ந்திருப்பதுதான். அத்தை போன பிறகு பேச்சும் குறைந்துவிட்டது. இரண்டு வருடமாக எங்கள் உரையாடல்: "காபி?", "ம்".

பிராசஸரை வைத்து நெம்புகோலை அழுத்தும்போது 'நெறுக்' என்று சத்தம். உடைந்துவிட்டதோ என்று கையை எடுத்துவிட்டேன். அப்படித்தான் சத்தம் வரும் என்று வீடியோவில் பத்துப் பேர் சொல்லியிருக்கிறார்கள், ஆனாலும். கூலருக்கு நாலு திருகு, எல்லாம் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி. முன்பக்க ஸ்விட்ச் ஒயர்கள் எறும்பு சைஸ். மாமா எதுவும் கேட்காமல் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

மதியம் ஸ்விட்ச் போட்டேன். ஃபேன்கள் சுற்றின. திரை கறுப்பு. போர்டின் ஓரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும். புத்தகத்தைப் பார்த்தால் ரேம் கோளாறு.

அணைத்தேன். கழற்றி மாட்டினேன். மஞ்சள். ஒரு ரேம் மட்டும் போட்டேன். மஞ்சள். இடம் மாற்றினேன். மஞ்சள்.

கடைக்காரருக்குப் போன். பெட்டி பிரித்தாகிவிட்டது, எடுத்துக்கொள்ள முடியாது, கம்பெனி சர்வீசுக்கு அனுப்பினால் மூன்று வாரம் என்றார். நானே பூட்டினேன் என்றதும் அவர் குரல் மாறியது. வீட்டில் ஆம்பளை யாரும் இல்லையா என்று கேட்டார். கட் செய்துவிட்டேன்.

பி. வந்ததும் பார்த்தான். பெட்டிகளை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிட்டான். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

செவ்வாய், மே 13

அடுப்பைத் துடைத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

காலையில் கடைசியாக ஒருமுறை போட்டேன். அதே மஞ்சள். எரிச்சலில் அப்படியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் வெண்டைக்காய் நறுக்கினேன். கண்ணில் தண்ணீர். வெண்டைக்காய்க்கு எதற்குக் கண்ணீர், வெங்காயமாவது நறுக்கியிருக்கலாம். மாமா அங்கேயே அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அணைக்கச் சொல்லி நானும் சொல்லவில்லை, அவரும் தொடவில்லை.

ரசம் கொதிக்கிற நேரம் கூப்பிட்டார்.

"கயலு, இங்க வந்து பாரு. இன்னாமோ எய்த்து வந்துகீது."

கரண்டியோடு ஓடினேன். திரையில் மதர்போர்டின் அமைப்புப் பக்கம். பிராசஸர் பெயர் சரி. ரேம் இரண்டும் சரி. எல்லாம் சரி!

பிறகு தேடிப் படித்தேன். இந்தப் புது வகை ரேம் முதன்முறை போர்டோடு பழகப் பல நிமிடம் எடுக்குமாம், அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்குமாம். நேற்று முழுக்க அது பழகிக்கொண்டிருக்கும்போதெல்லாம் கழுத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். பொறுமையாக உட்காரத் தெரிந்த ஒரே ஆள் மாமா.

அவரிடம் சொன்னேன். "நான் இன்னா பண்ணேன், சும்மா குந்திகினு இருந்தேன்" என்றார். ஆனால் முகத்தில் வெளிச்சம். இன்று அவரே காபி கேட்டார்.

ரசம் பொங்கி அடுப்பெல்லாம் மஞ்சள். அந்த மஞ்சளைப் பற்றிக் கவலை இல்லை.

புதன், மே 14

விண்டோஸ், சாஃப்ட்வேர் எல்லாம் ஏற்றி மாடி அறைக்குக் கொண்டுபோனேன். பத்துப் படம் ரெண்டர் செய்து பார்த்து நேரம் குறித்தேன். பழையதைவிடப் பல மடங்கு வேகம். கணக்குப்படி, சோதனையெல்லாம் முடித்து நாளை மாலை தொடங்கினால் ஞாயிறு மதியம் முடியும். ஞாயிறு காலை வேண்டும். அரை நாள் இடிக்கிறது.

அண்ணனிடம் படத்திலிருந்து குழந்தைகள் பூங்காவை வெட்டிவிடலாமா என்று கேட்டேன். பூங்காவைப் பார்த்துத்தான் பொம்பளைங்க வீடு வாங்குவார்களாம். முடியாது என்றுவிட்டார்.

ஆக ஓவர்கிளாக். இதற்காகத்தானே யோசித்து இந்த போர்டை வாங்கினேன். மாமா அப்படியென்றால் என்ன என்று கேட்டார். கம்பெனி ஒரு வேகம் வைத்துக் கொடுக்கிறது, அதற்கு மேல் நம் பொறுப்பில் ஓட்டுவது என்றேன். புகை வருமா என்றார். வராது, சூடு எல்லை மீறினால் தானே நின்றுவிடும் என்றேன். நம்பாமல் கீழே போய் ஒரு வாளி மணல் கொண்டு வந்து வைத்தார்.

வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸிலிருந்து 5.0. ஓடியது. சூடு 96 டிகிரி. 5.1: நீலத் திரை, மெஷின் விழுந்துவிட்டது. மறுபடி. நீலத் திரை. கேபினெட் பக்கக் கதவைக் கழற்றி டேபிள் ஃபேன் வைத்தேன். 97. மூன்று மணிக்கு அறையே அடுப்பு, மேல் தளம் காய்ந்து கீழே கொட்டுகிறது. பழைய வேகத்துக்கே திரும்பினாலும் சூட்டில் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஞாயிறுகூட இல்லை, திங்கள் ஆகிவிடும்.

பி. இரவு: "கயல், ஒரு நாள் லேட்னா சொல்லி வாங்கிக்கலாமே." நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அவனுக்கு இது ஒரு நாள்.

வியாழன், மே 15

காலையில் இறங்கி வந்தால் மாமாவின் கட்டில் ஹாலில் கிடக்கிறது. தலையணை, மாத்திரை டப்பா, ரேடியோ எல்லாம் வெளியே. அவர் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். வீட்டிலேயே வெயில் விழாத அறை, வடக்குப் பக்கம், பின்னால் வேப்பமரம். அத்தை கடைசியாகப் படுத்திருந்த அறை. அதற்குள் நாங்கள் ஒரு நாற்காலிகூட மாற்றி வைத்ததில்லை.

வேண்டாம் மாமா என்றேன்.

"மெஷினுக்கு குளிரு வேணும்னு சொன்னல்ல. எனுக்கு எங்க படுத்தாலும் ஒரே தூக்கந்தான். தூக்கியாந்து வெய்யி."

இருவரும் தூக்கிவந்தோம். படிக்கட்டுத் திருப்பத்தில் அவர் மூச்சு வாங்கியது. நிற்கச் சொன்னேன், நிற்கவில்லை.

அறை மாற்றியதில் சூடு பத்து டிகிரி குறைந்தது. ஆனால் 5.1-ல் மறுபடி நீலம். அப்போதுதான் யோசித்தேன். வேகத்தை மட்டும் நான் ஏற்றுகிறேன், மின்சார அளவை போர்டே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறேன். அது பயத்தில் தேவைக்கு மேல் அள்ளிக் கொடுக்கிறது. பச்சைப்பிள்ளைக்கு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர். சூடு ஏறாமல் என்ன செய்யும்?

வோல்டேஜைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஒரு துளி குறைப்பு, சோதனை. இன்னொரு துளி, சோதனை. ரொம்பக் குறைத்ததும் விழுந்தது. ஒரு படி மேலே. நின்றது. 5.1. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு 5.2.

சோதனையை ஓடவிட்டு சாம்பார் வைத்தேன். மாமா திரை முன்னால் உட்கார்ந்து, சமையலறைக்குக் கேட்கும்படி எண் சொல்லிக்கொண்டே இருந்தார். எண்பத்தொண்ணு. எண்பத்தி மூணு. எண்பத்தி மூணு. எண்பத்தி ரெண்டு. சாம்பார் முடிந்தது, பொரியல் முடிந்தது, சாப்பிட்டோம், பாத்திரம் கழுவினேன். விழவில்லை. ஐந்து புள்ளி இரண்டு! கத்திரி வெயிலில், ஆவடியில், ஏசி இல்லாமல்.

மாலை நாலுக்கு முழு ரெண்டர் தொடக்கம். முடிவு: சனி ராத்திரி என்று காட்டுகிறது.

சந்தோஷத்தில் கடைக்காரருக்குப் போன் போட்டு, போர்டு நன்றாக வேலை செய்கிறது, வீட்டில் பொம்பளைதான் பூட்டினாள் என்றேன். அவர் குரல் மறுபடி மாறியது. வேகம் எவ்வளவு வரை ஏற்றினீர்கள் மேடம் என்று கேட்டார். சொன்னேன். அவர் கடை மெஷினே 5.1-தானாம்.

வெள்ளி, மே 16

ஓடுகிறது. வீட்டுக்குள் ஆறு மாதிரி ஒரு மெல்லிய இரைச்சல்.

பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. யூ.பி.எஸ். கீச்சிட்டது, ரெண்டர் ஓட்டத்தை நிறுத்தி ஒழுங்காக மூடினேன். வந்தபின் விட்ட இடத்திலிருந்து. பாதியில் இருந்த ஒரு படம் மட்டும் போச்சு. பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை.

வாங்க வேண்டியவை: பால், உளுந்து, பி.க்குத் தலைவலி மாத்திரை.

நேற்று பி. விடியுமுன்பே ஆபீஸ் போய், இரட்டை ஷிப்ட் முடித்து நடுராத்திரி இருட்டில் வந்து படுத்தான். இன்று காலை தூங்கி எழுந்த பிறகுதான் ஹாலில் கட்டிலைப் பார்த்தான். முகம் சிவந்தது.

"அப்பாவை வெளிய படுக்க வச்சிட்டு கம்ப்யூட்டரை உள்ள வச்சிருக்க?"

நான் வாய் திறப்பதற்குள் மாமா பேப்பரை மடித்தார். "கயலு கேக்கல. நானே குட்த்தேன். என் ரூமு, யாருக்கு வோணா குடுப்பேன்." பிறகு, பி.யைப் பார்க்காமல்: "நீ பெருங்குடில ஊடு பாத்தியே, என்னிய கேட்டியா?"

நான் சொன்னேன், நிதானமாகத்தான் சொன்னேன்: "நீ எனக்கு அங்க வேலை தேட வேணாம் பிரகாஷ். எனக்கு இங்க வேலை இருக்கு. அந்த ரூம்ல ஓடிட்டிருக்கு, போய்ப் பாரு."

போய்ப் பார்த்தான். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு படமாக வந்து விழுவதைப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான்.

சனி, மே 17

இரவு சாப்பாட்டுக்கு முன்பே முடிந்தது. சொன்ன நேரத்துக்கு முந்தி! ஒரு படம்கூடப் பழுதில்லை. சேர்த்து, இசை போட்டு, ஹால் டிவியில் ஓடவிட்டு, மூன்று பேரும் கட்டில்மேல் உட்கார்ந்து பார்த்தோம்.

வாசல். ஹால். சமையலறை ஜன்னலில் வெயில் விழுந்து மேடைக்கல்லில் வழுக்கிப் போகிறது. அந்த வெயிலுக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாடி. பால்கனி. தூரத்தில் ஏரி, ததும்பத் ததும்ப.

மாமா: "மே மாசத்துல அந்த ஏரில இவ்ளோ தண்ணி ஏதும்மா?"

பி. சிரித்தான், நானும். நாலு நாளில் முதல் சிரிப்பு. தண்ணீர் அண்ணன் கேட்டது மாமா, என் குற்றமில்லை.

ஞாயிறு, மே 18

மூவரும் போனோம். மாமா இஸ்திரி போட்ட சட்டை. மனையில் ஷாமியானா, பெரிய டிவி, மோர் டம்ளர்கள். சுற்றிலும் வெறும் மண், சுண்ணாம்புக் கோடு, நாலு எருமை.

படம் ஓடும்போது நான் திரையைப் பார்க்கவில்லை. ஆட்களைப் பார்த்தேன். விசிறிக்கொண்டிருந்த கைகள் நின்றன. முன்வரிசை அம்மா ஒருவர் சமையலறை வந்ததும் கணவர் முழங்கையை இடித்தார். முடிந்ததும் எழுந்து, அந்த ஜன்னலுக்குக் காலை வெயில் வருமா சாயங்கால வெயிலா என்று கேட்டார். கட்டாத வீட்டின் ஜன்னலுக்கு! காலை வெயில் என்றேன். அப்படியானால் அந்த வீடு எனக்கு என்றார்.

மறுபடி போடச் சொன்னார்கள். மறுபடி.

அண்ணன் எல்லோர் முன்னாலும்: "இத்த செஞ்சது நம்ம ஆவடி பொண்ணுதான். ரெண்டாவது ஃபேஸும் இதுதான் செய்யப் போவுது." என்னிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. பட்டாபிராம் தாண்டியதும் பி., ஜன்னல் பக்கம் பார்த்தபடி, பெருங்குடி ஃப்ளாட்காரரிடம் வேண்டாம் என்று காலையிலேயே சொல்லிவிட்டதாகச் சொன்னான். படத்தைப் பார்த்து மனம் மாறியதா என்று கேட்டேன். இல்லை, அப்பா அந்த ரூமைக் கொடுத்தார் பார், அப்போதே என்றான். மாமாவுக்குக் கேட்டிருக்கும். தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

திங்கள், மே 19

விடியற்காலை நல்ல மழை. மண் வாசனை. கூலரில் தூசி துடைத்தேன். இரண்டாம் கட்டத்தின் வரைபடம் வந்தது, இருபது வீடு.

5.3 முயன்றேன். விழுந்தது. பரவாயில்லை, குளிர்காலத்தில் பார்க்கலாம்.

மாமாவை அறைக்குத் திரும்பச் சொன்னோம். ஹாலில் காற்று நன்றாக வருகிறதாம், வர மாட்டாராம். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனவர் மார்க்கெட் பக்கம் போர்டு எழுதும் கடையிலிருந்து போன் செய்தார். கேட்டில் மாட்ட என் பெயரில் ஒரு போர்டு சொல்லியிருக்கிறார், யாரையும் கேட்காமல். கீழே என்ன தொழில் என்று எழுதுவது என்றார், சொன்னேன். பெயருக்கு முன்னால் 'திருமதி' போடவா என்று கடைக்காரர் கேட்கிறாராம்.

வெறும் பெயர் போதும் மாமா என்றேன். பெரிய எழுத்தாக.