ஹைஃபா மாதுளையின் புளிப்பு

அண்ணை,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னவன். உங்கள் கடைசிப் புத்தகம்தான் உங்களை உலகத்துக்குக் காட்டும் என்று, ஈஸ்ட் ஹாமில் என் கடைக்கு வந்த எல்லாரிடமும் சொன்னேன். இன்று காலை உங்கள் மகள் அதைக் கொண்டுவந்து கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். வெங்காய மூட்டையையும் கருவாட்டையும் மீறிப் புது அச்சு மணத்தது.

பலஸ்தீனத்திலிருந்து துரத்தப்பட்டு, எங்கெங்கோ அலைந்து, கடைசியில் என் கடைக்கு மேல்வீட்டில் இருந்து எழுதினீர்கள். மத்தியானங்களில் இறங்கி வந்து, அரிசி மூட்டையில் அமர்ந்து எனக்கு வாசிப்பீர்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் "இந்த இடம் இழுபடுது, அண்ணை" என்பேன். வெட்டுவீர்கள். உங்கள் புத்தகங்களில் பாதி நான் எழுதியது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். பேசியது இங்கிலீஷ்தான், என் நினைவில் எல்லாம் எங்கள் தமிழாகவே நிற்கிறது.

மனைவியின் தேவாலயத்தாரோடு நான் ஜெருசலேம் யாத்திரை புறப்பட்டபோது, பஸ் ஹைஃபாவுக்கும் போகும் என்று உங்களிடம் வாயை விட்டேன். நீங்கள் பிறந்த ஊர். பார்க்கப் போன உங்களை விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பிய நாடு.

"படிக்கட்டுத் தெரு ஒண்டு. முடிவில கல்வீடு, முற்றத்தில மாதுளை. நிக்குதோ எண்டு பார். இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லு, நான் எழுதவேணும்," என்றீர்கள்.

"ஆமிக்காரனே எனக்கு வழி காட்டுவான், அண்ணை."

திரும்பி வந்து சொன்னேன்: "நிக்குது. மதிலுக்கு மேலால காய் தொங்குது. ஒரு கிழவி பிடுங்கித் தந்தவா."

"இனிச்சதோ?"

"கொஞ்சம் புளிப்பு."

"ஓம்," என்றீர்கள். "அது புளிப்புத்தான்." எழுந்து மேலே எழுதப் போனீர்கள்.

எங்கள் சனத்தில் அதுதான் முறை. சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணம் போய் வருகிறவன், இங்கே இருக்கிறவர்களின் வீடுகளையும் பார்த்து வரவேண்டும். வீடு தரைமட்டமாகக் கிடந்தாலும் "மாமரம் காய்ச்சு நிக்குது" என்போம். கேட்கிறவருக்கும் விளங்கும், தேத்தண்ணி தந்து பேச்சை மாற்றுவார். நீங்கள் எங்கள் ஆள் இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. நம்பினீர்கள். அந்தப் புளிப்பிலேயே புத்தகத்தை முடித்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டீர்கள்.

"அங்கிள், அப்பாட மாதுளையைப் பார்க்கப் போறன்," என்றாள் உங்கள் மகள். "படி ஏறினாப் பிறகு எந்தப் பக்கம்?"

"பொறு பிள்ளை, யோசிச்சுச் சொல்லுறன்." ஒரு மாம்பழப் பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன். நாளைக்கு வருவாள்.

உங்கள் அந்த "ஓம்" இன்னும் என் காதில் கிடக்கிறது. அவளுக்கு முன் உங்களுக்குச் சொல்லவேண்டும். ஹைஃபாவுக்குப் போனது மெய். பஸ் நின்றதும் மெய். ஓர் அரபு வீட்டை அங்கே யாரிடம் விசாரிப்பது? ஆமி உடுப்பில், தோளில் துவக்கோடு இரண்டு பொடியன்கள் நின்றார்கள். எங்கள் ஊர்ச் சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை எடுத்து வைக்கிற மாதிரியே, பாஸ்போர்ட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். மற்றவர்கள் இறங்கினார்கள். கண்ணாடிக்கு வெளியே ஏதோ படிக்கட்டுகூடத் தெரிந்தது.

நான் இறங்கவேயில்லை, அண்ணை.