சலவைக்கூடத்துத் திருவுளச்சீட்டு

கர்த்தருக்குள் பிரியமான என் வாயாடிக்கு,

நலமாக இருப்பாய் என்று எழுதக் கை வரவில்லை. நீ நலமாக இல்லை என்பது உன் போன கடிதத்திலேயே தெரிந்தது. பேத்தி உன் மூக்கோடு பிறந்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். கோபம் யாருடையது என்று போகப்போகப் பார்த்துச் சொல்.

இந்தத் தாள் பழுப்பேறி இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. காய்ச்சல் வார்டிலிருந்து ஒரு துரும்பும் வெளியே போகக்கூடாது. டாக்டரம்மாவிடம் கெஞ்சினேன். சூடான இஸ்திரிப் பெட்டியால் இருபக்கமும் தேய்த்து அனுப்பலாம் என்றார். நர்ஸ்தான் தேய்க்கப்போகிறாள். மடிப்பு கோணலாக இருந்தால் என் தொழிலைக் குறை சொல்லாதே.

முன்பு வந்த கடிதங்களெல்லாம் நான் கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கத்த, அந்தப் பக்கம் புதுமாப்பிள்ளை எழுதியவை. சலவைக்கூடத்தில் என்னோடு வேலை செய்கிறானே, கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாதவன், அவன்தான். கடைசியில் ‘ஆயிரம் முத்தங்களுடன்’ என்று வந்ததெல்லாம் அவன் கைச்சரக்கு. முப்பது வருஷத்தில் நான் அப்படி எழுதியதுண்டா? இன்று சொல்லப்போவதை அவனை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது.

இங்கே எல்லாமே வெள்ளை. கொதிகலனில் விரிப்புகள் வெந்துகொண்டே இருக்கும். ஆவி கூரையைத் தொட்டுவிட்டு மெல்லத் திரும்பி வரும். உலர்த்தும் அறையில் தொங்கும் விரிப்புகளுக்கு நடுவே நடந்தால் என்ன கிழமை என்பதே மறந்துபோகிறது. நேற்று அந்த வரிசைக்குள் நீ ஈரத்தலையோடு எனக்கு முன்னால் போனாய். கூப்பிட்டேன். வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த விரிப்பை விலக்கிக்கொண்டு போனாய். பின்னாலேயே வந்தேன், சுவர்தான் இருந்தது. அப்போதுதான் என் உடம்பும் அனலாகக் கொதிப்பது தெரிந்தது. இப்போது ஒன்பதாம் கட்டிலில் படுத்திருக்கிறேன். நானே துவைத்த விரிப்புதான். கஞ்சி கொஞ்சம் கூடிவிட்டது, முதுகில் குத்துகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ மகளின் பிரசவத்துக்குப் போயிருந்த சமயம், வார்டுக்குள் ஒரு சலவையாள் வேண்டும், உள்ளே போனால் நோய் அடங்கும்வரை வெளியே வர முடியாது என்றார்கள். நாங்கள் மூன்று பேர்: நான், புதுமாப்பிள்ளை, நெஞ்சு இழுப்புக்கார அண்ணன். யார் போவது என்று மனுஷர் முடிவு செய்ய வேண்டாம், ஜெபித்துத் திருவுளச்சீட்டுப் போடுவோம் என்றார் போதகர். துணிகளுக்குக் குறி எழுதுகிறவன் நான் என்பதால் சீட்டு எழுதும் வேலையும் என்னிடம் வந்தது.

மூன்றிலும் என் பெயரையே எழுதினேன்.

போதகர் கண்ணை மூடி, உமது சித்தம் வெளிப்படட்டும் என்று உருகி ஜெபித்துவிட்டு சோப்புத்தூள் டப்பாவுக்குள் கைவிட்டார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். அதுதான் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. மற்ற இரண்டு சீட்டும் என் சட்டைப்பையோடு கொதிகலனுக்குள் போய்க் கூழாகிவிட்டன.

தியாகம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அந்தப் பையனின் மனைவி முழுகாமல் இருக்கிறாள். அண்ணன் இந்தக் காய்ச்சலை ஒரு வாரம்கூடத் தாங்கமாட்டார். நானே போகிறேன் என்று கையைத் தூக்கியிருக்கலாமே என்பாய். தூக்கியிருந்தால் உன்னிடம் அதைச் சொல்லியாக வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. கர்த்தர் தேர்ந்தெடுத்தார் என்றால் நீ மறுபேச்சுப் பேசமாட்டாய் என்று அவர் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். புதுமாப்பிள்ளைக்கு இது என்றைக்கும் தெரிய வேண்டாம். தெரிந்தால் பாவம், நிம்மதியாகப் பிள்ளையைத் தூக்கமாட்டான்.

“பயமா இருக்காண்ணே?” என்று காலையில் நர்ஸ் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். சாவைப் பற்றி அவ்வளவாக இல்லை. குளிர்ந்த தண்ணீரில் இறங்குகிற மாதிரி, கால் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிட்டது. கர்த்தர் முன்னால் நின்று நேரிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன். நான் பயப்படுவது உன் கடிதத்தில் இருந்த ஒரு வரிக்குத்தான். “எத்தனையோ பேர் இருக்க என் புருஷன்தான் கிடைச்சாரா கர்த்தருக்கு? இனிமே அவரோட எனக்குப் பேச்சே கிடையாது” என்று எழுதியிருந்தாய். ஜெபத்தை விட்டு மூன்று வாரம் ஆகிறது என்றும் எழுதியிருந்தாய். இத்தனை வருஷமாகச் சாப்பாட்டு மேசையில் எனக்கும் சேர்த்து நீதானே ஜெபித்தாய். நான் பாதியிலேயே சாப்பிட ஆரம்பித்துவிடுவேன்.

அவரோடு பேசு. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன். நான் இல்லாத வீட்டில் உனக்குப் பேச்சுத்துணைக்கு அவர் வேண்டும். சண்டை போடுவதானால் என்னோடு போடு. ஏமாற்றுக்காரன், கல்நெஞ்சக்காரன், எது வேண்டுமானாலும் எழுது, சீட்டு விஷயத்தை மட்டும் எழுதாதே, புதுமாப்பிள்ளை ஜன்னலில் நின்று சத்தமாக வாசிக்கட்டும். அவர் என்னை உன்னிடமிருந்து எடுக்கவில்லை. நான்தான் உன்னிடம் சொல்லாமல் வந்துவிட்டேன்.

மகளுக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம். கர்த்தர் உன்னைத் தனியாக விடமாட்டார்.

இனி உன்னைக் கேட்காமல் எதையும் செய்யாத,
உன் வீட்டுக்காரன்