கட்டெறும்பும் நாத்தனாரின் அலமாரியும்

ஜூன் 3, செவ்வாய்

மறுபடியும் மரத்தூள். காலையில் பெருக்கித் தள்ளினால் சாயங்காலம் அதே இடத்தில் ஒரு பிடி. நாத்தனாரின் அலமாரியைச் சுற்றித்தான், வேறெங்கும் இல்லை. கூடவே கட்டெறும்புகள், ஒவ்வொன்றும் மிளகுக்கு அண்ணன். இன்று ஒன்று என் காபியில் நீச்சல் அடித்தது.

ஜூன் 4

கரையான் என்கிறார் இவர். கரையான் வெள்ளை, இது கறுப்பு. இருபது வருடத்தில் நான் சொன்னதை இவர் எப்போது கேட்டார்?

ஜூன் 7, சனி

நாத்தனார் புருஷன் வீட்டை விட்டு இங்கே வந்து மூன்று மாதம். கொண்டுவந்தது இரண்டு பெட்டியும் அந்த அலமாரியும். எறும்பு வந்தும் மூன்று மாதம். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? கேட்டே விட்டேன். நல்ல மரம் அண்ணி, அப்பா என் கல்யாணத்துக்கு நின்று செய்வித்தது என்றாள். அப்போ எறும்பு எங்கேருந்து வருதாம்? நான் வளக்கறேனா?

ஸ்ப்ரே வாங்கி அலமாரியைக் குளிப்பாட்டினேன்.

ஜூன் 10

இப்போது சமையலறையிலும்.

ஜூன் 12, வியாழன்

றெக்கை முளைத்த ஒன்று, என் தலையணையில். போதும்டா சாமி. ஒன்று அலமாரி இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும் என்று இவரிடம் கத்தினேன். அவள் காதில் விழட்டும் என்றுதான் கத்தினேன்.

ஜூன் 14, சனி

பழைய சாமான் கடைக்கு அவளே போன் செய்தாள். வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். துணிகளை அட்டைப்பெட்டியில் மடித்து வைத்தாள். அவள் அழுதிருந்தாலாவது நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

ஜூன் 15

அதே இடத்தில் தூள். வெறும் தரையில்.

ஜூன் 17, செவ்வாய்

பூச்சி மருந்துக்காரர் வந்தார். தூளைக் கிளறினார், உள்ளே எறும்புக் கால்கள். கீழே பார்க்காமல் மேலே பார்த்தார். அலமாரி நின்ற இடத்துக்கு நேர் மேலே வென்டிலேட்டர். ஏணி போட்டு ஏறி அதன் சட்டத்தில் திருப்புளியை வைத்தார். ரொட்டியில் இறங்குவதுபோல் இறங்கியது.

"மழைத்தண்ணி கசிஞ்சு மரம் ஊறிக் கெடக்கும்மா. இது மரத்தைத் தின்னாது. ஈர மரத்தைக் குடைஞ்சு குடியிருக்கும், தூளை வெளியே தள்ளும். எத்தன வருஷக் குடித்தனமோ."

ஸ்ப்ரே அடித்ததால்தான் சிதறிச் சமையலறைக்கும் வந்ததாம். பசை மருந்து வைத்தார். எடுத்துக்கொண்டு போய் அதுகளே கூட்டுக்குள் கொடுக்குமாம், ஒரு வாரம் எதையும் நசுக்கக் கூடாதாம்.

அவள் கதவோரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூன் 18

கடைக்கு ஓடினேன். பிரித்துப் பலகையாக விற்றாயிற்றாம். உள்ளே எறும்பு இருந்ததா என்று கேட்டேன்.

"வைரம் பாஞ்ச மரம்மா அது. உளியே எறங்கல."

மன்னிச்சிடுடி என்றேன் அவளிடம். விடுங்கண்ணி என்றாள். விடுவதா? எப்படி விடுவது? என்னை நாலு வார்த்தை திட்டித் தொலைத்தால் என்ன?

ஜூன் 26, வியாழன்

நான்கு நாளாக எறும்பு இல்லை. தச்சர் புதுச் சட்டம் மாட்டினார். அப்படியே அவளுக்கு ஒரு அலமாரிக்கும் சொன்னேன். ஆளைக் கூப்பிடுங்கள், தட்டு எட்ட வேண்டுமே என்றார். வந்து சுவரோடு நின்று கையைத் தூக்கினாள். அவர் பென்சிலால் கோடு போட்டார்.

பூட்டு வைக்கவா என்று கேட்டார். வைக்கச் சொன்னாள். இரண்டு சாவி வரும், ஒன்றை அண்ணியிடம் கொடுத்துவிடவா என்றார்.

"வேணாம். ரெண்டும் எங்கிட்டயே இருக்கட்டும்."

நானும் சரி என்றேன்.