ரஞ்சிதம் கொடுத்த மேரோ

டர்ஹாம், இங்கிலாந்து
14-9-1964

அன்புள்ள அத்தானுக்கு,

ரஞ்சிதம் எழுதுவது. நான் நலம். நீங்களும் அத்தையும் நலமா? பொங்கலுக்கு, "படிப்பை விட்டுவிட்டு வா" என்று எழுதினீர்கள். முடித்துவிட்டுத்தான் வருவேன் என்றேன். அதற்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. உங்கள் கோபம் நம்மூர்க் கோட்டை உயரம் போலிருக்கிறது.

பிப்ரவரியில் நர்ஸ் பயிற்சி முடிகிறது. இங்கேயே வேலைக்கு இருந்துவிடு என்கிறார் மேட்ரன். நான் என்ன பதில் சொல்லட்டும்?

எங்கள் வார்டு முழுக்க நிலக்கரிச் சுரங்கத்து ஆட்கள். வில்சன் என்று ஒருவர் எதிலும் பிடிப்பில்லாமல் சுருண்டு கிடந்தார். எனக்கென்று வைத்திருந்த மேரோவை அவருக்குக் கொடுத்துவிட்டேன். வெட்டி எடுக்கத்தான் கொஞ்சம் சிரமம். இப்போது எழுந்து உட்கார்ந்து எல்லோரையும் அதட்டுகிறார்.

டியூட்டிக்கு மணியாகிறது. ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் ரஞ்சிதம்


செஞ்சி
24-9-1964

ரஞ்சிதத்துக்கு,

உனக்கென்ன பைத்தியமா? மேரோ என்றால் என்னவென்று தெரியாமல் ஹைஸ்கூல் இங்கிலீஷ் வாத்தியார் சுந்தரமூர்த்தியிடம் ஓடினேன். அகராதியைப் புரட்டிவிட்டு, "எலும்புக்குள்ள இருக்குதே மஜ்ஜை, அதான் சார்" என்றார்.

அம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன். தெருவில் போய் நின்றுகொண்டு, "எம் மருமவ எலும்ப நோண்டி எடுத்துட்டாங்களே! இன்னாடா பாத்துக்கினு நிக்கிற?" என்று ஒரே கத்தல். கடைத்தெருவே எங்கள் வாசலில் கூடிவிட்டது. எதிர்வீட்டு ராஜம்மாள், "ஆட்டுக்கால் சூப்பு வச்சி அனுப்பு" என்கிறாள். இங்கிலாந்துக்கு எப்படி அனுப்புவது?

படுத்திருக்கிறாயா? எழுந்து நடக்கிறாயா? யார் உன்னைப் பார்த்துக்கொள்கிறார்கள்? கிளம்பி வா. நான் பார்த்துக்கொள்கிறேன்.

பச்சைமுத்து


டர்ஹாம்
3-10-1964

அன்புள்ள அத்தானுக்கு,

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பிறகு கொஞ்சம் அழுதேன். என் எலும்பெல்லாம் பத்திரம். மேரோ இங்கே ஒரு காய். சுரைக்காய்க்கும் பூசணிக்கும் சொந்தக்காரி. தோல்தான் கெட்டி, அறுத்தால் உள்ளே மஜ்ஜை மாதிரி மெத்தென்று இருக்கும். அதனால்தான் அந்தப் பெயராம். விடுதிக்குப் பின்னால் கொடி போட்டிருந்தேன். பருப்புப் போட்டுக் கூட்டு வைத்துக் கொடுத்தேன். வில்சன் இன்னும் ஒரு கரண்டி கேட்டார்.

கூத்தைக் கேளுங்கள். அவர் இப்போது என்னையே 'மேரோ' என்றுதான் கூப்பிடுகிறார். "நானும் காயா?" என்றேன். "இல்லம்மா. சுரங்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவன்தான் மேரோ. மேலே கல் சரிந்தால் முதலில் இழுத்து வெளியே போடுகிறவன்" என்றார். எலும்புக்குள் இருக்கும் மேரோவும் இதுவும் வேறு வேறு வேராம். அந்தக் காலத்தில் கடல் தாண்டி இந்தப் பக்கம் குடியேறியவர்கள் விட்டுப்போன சொல் என்கிறார்கள் சிலர். யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

'கிளம்பி வா' என்று பயத்தில் எழுதினீர்களா அத்தான்? எலும்பு முழுசாக இருக்கும் ரஞ்சிதத்துக்கும் அது பொருந்துமா?

உங்கள் ரஞ்சிதம்


செஞ்சி
13-10-1964

அன்புள்ள ரஞ்சிதத்துக்கு,

பொருந்தும்.

ஆனால் பாதியில் வராதே. படிப்பை முடி, சர்டிபிகேட்டை வாங்கு, பிறகு வா. இங்கே ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். நர்ஸ் இல்லாமல் திண்டாடுகிறார்களாம். "வந்தவுடன் அழைத்து வாருங்கள்" என்றார். நீ வெள்ளை உடுப்பில் அங்கே நிற்பதை நினைத்துக்கொண்டே வந்ததில் வீட்டைத் தாண்டி பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டேன்.

அம்மா, "ஒரு காய்க்கா நான் தெருவுல நின்னு அழுதேன்? அவ வரட்டும், பேசிக்கிறேன்" என்கிறாள். ஆனால் மருமகள் கை பட்டு வெள்ளைக்காரன் எழுந்து உட்கார்ந்த கதையை ஊரெல்லாம் சொல்லி முடித்தாயிற்று.

மேட்ரனிடம் சொல்லிவிடு. செஞ்சியில் உனக்கு வேலை இருக்கிறது. உனக்காக ஒருவன் காத்துக்கொண்டும் இருக்கிறான்.

பச்சைமுத்து


டர்ஹாம்
20-2-1965

அன்புள்ள அத்தானுக்கு,

பாஸாகிவிட்டேன்! கப்பலுக்கும் டிக்கெட் கிடைத்துவிட்டது. பம்பாயில் இறங்கி, ரயிலில் மெட்ராஸ். சென்ட்ரலுக்கு வந்துவிடுங்கள், இறங்கியதும் தந்தி கொடுக்கிறேன்.

கொஞ்சம் சதை போட்டிருக்கிறேன். கோட்டு வேறு. அடையாளம் தெரியாமல் நின்றுவிடாதீர்கள். இங்கே பெண்கள் புருஷனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நானும் சொல்லிப் பழகிவிட்டேன். பிளாட்பாரத்தில், "பச்சைமுத்து!" என்று ஒரு குரல் கேட்டால் வேறு யாரோ என்று நினைக்க வேண்டாம். சத்தமாகத்தான் கூப்பிடுவேன்.

அத்தையும் கூட வருவதாக இருந்தால், முன்னாலேயே காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

ரஞ்சிதம்