பீப்பாய்மேல் நின்ற பிரசங்கம்

தம்பி,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அத்தனை பேரிடமும் நானே சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்று அசாம் ஜாவா ஊரிலிருந்து உன் மனைவி அந்தப் பழைய படத்தைக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். சட்டமெல்லாம் கரையான் வாடை. கண்ணாடிக்குள் வெள்ளைக்கார மெதடிஸ்ட் பிரசங்கியார் இன்னும் மரத்தடியில் மேசைமேல் நிற்கிறார். வலது கை வானத்தைக் காட்டுகிறது. சுற்றிலும் சனம். ஒருவன் கொம்பு ஊதிக் கலாட்டா செய்கிறான்.

அன்று தோட்டக் குடியிருப்பு லயத்தில், உன் வீட்டுச் சுவரில் இதைக் காட்டி நீ சொன்னாய்: "கலாட்டா பண்ண ஒருத்தன் இருந்தாதான் கூட்டம் நிக்கும், பாருங்கண்ணே. உங்க தொண்டைக்கு இந்தத் தோட்டத்துல ஜோடி உண்டா?"

"நான் முனியாண்டிக்குச் சூடம் கொளுத்துறவன்லா!"

"அதான் வேணும். வந்து திட்டுங்க."

ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட எண்பதுகள் அவை. ஞாயிறு சாயங்காலம் கள்ளுக்கடை எதிரே, மொட்டைக் காட்டில், நீ பிரசங்கம் பண்ண இரும்புப் பீப்பாய்மேல் ஏறுவாய். படத்தில் மரம் இருந்தது. நமக்கு அதுவும் இல்லை. நான் ஆரம்பிப்பேன்: "டேய் பாதிரி, உன் சாமி எனக்கு ஒரு கிளாஸ் வாங்கிக் குடுப்பாரா?" சனம் சிரித்துக்கொண்டே கூடும். தஞ்சோங் காராங்கிலிருந்து லோரி பிடித்து வந்தார்கள். வேலை வாங்கும் மண்டோரே கள்ளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். குடியை விட்டவர்களில் பாதிப்பேர் என் கத்தலால்தான் விட்டார்கள்.

அந்தக் கடைசி ஞாயிறு, இடி உறுமியதும் கூட்டம் லயத்துக்கு ஓடியது. "இரும்புமேல நிக்காத, எறங்கு தம்பி!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன், நீ கேட்கவில்லை. போலீசிடம் அப்படித்தான் சொன்னேன். தூக்கிய கையோடு மின்னல் உன்னை எடுத்துக்கொண்டது. உன் சட்டையின் கருகிய வாடை என் கையை விட்டுப் போக நாளாயிற்று.

உன் மனைவியிடமும் அப்படித்தான் சொன்னேன். அதிலிருந்து அவளுக்கு உன்மேல்தான் கோபம். படத்தோடு சொல்லியனுப்பியிருக்கிறாள்: "நீங்க அவ்ளோ கத்தியும் எறங்காத மனுசன். பெண்டாட்டி பிள்ளைய நெனச்சாரா? இந்தப் படம் எனக்கு வேணாம்ணே."

ஆணி அடித்து என் வீட்டில் மாட்டிவிட்டேன். நாளைக்கு அசாம் ஜாவா போகிறேன். அவளிடம் சொல்வதற்கு முன் உன்னிடம் சொல்கிறேன்.

நான் கூப்பிடவே இல்லை, தம்பி. எல்லாரும் ஓடிய பிறகு கள்ளுக்கடைத் தகரக் கூரையடியில் நான் ஒருவன்தான் மிச்சம். நீ என்னைப் பார்த்து, எனக்காக மட்டும் பேசினாய். முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு கேட்டேன். நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை.