கூரையைப் பார்த்துத் தப்லா வாசித்தவன்

அக்டோபர் 12, சனி

ரத்த அழுத்தம் 150/95.

இந்த நோட்டை மருந்துக்கடைக்காரன் சும்மா கொடுத்தான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு இருமல் மருந்து விளம்பரம். "தினமும் அளந்து எழுதுங்க ஷஹாத்தா அண்ணே, டாக்டர் கேப்பாரு" என்றான். அளந்ததை எழுத ஒரு வரி போதும். மீதிப் பக்கம் வீணாகக் கிடக்கிறதே என்று இதையும் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். தப்பு இருந்தால் இருமல் மருந்துக்காரன் பொறுத்துக்கொள்ளட்டும்.

பெண்டாட்டி அவாதிஃப் சாப்பாட்டுத் தூக்கைக் கையில் கொடுத்து, "பொண்ணு காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல, கொண்டுபோய்க் குடு மனுஷா. அங்க போய் யாரையும் கிண்டல் பண்ணிட்டு வராதே" என்று அனுப்பினாள். முதல் பாதியைச் செய்தேன்.

மகள் இனாயத்தின் ஆட்ட வகுப்பு தோக்கி வட்டாரத்தில், ஒரு கட்டடத்தின் நாலாவது மாடி. லிஃப்ட் உண்டு, ஓடாது. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அதன் முன்னால் பதினோரு பெண்கள், சலங்கைக் காசு தைத்த துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணுகிறார்கள். ஆட்டத்தை எண்ணுவார்களா? ரொட்டிக்கடை வரிசையில் எண்ணலாம். நாற்பது வருஷம் கல்யாணங்களிலும் மேடைகளிலும், மடியில் குடம் மாதிரிக் கிடக்கிற தப்லாவை வாசித்தவனின் மகள், முன்னால் நின்று கை தட்டி எண்ணிக் கொடுக்கிறாள்.

அதில் ஒருத்தி ஜெர்மனியிலிருந்து வந்த பல் டாக்டர். ஆட்டத்தை நடுவில் விட்டுவிட்டு நோட்டில் எழுதுகிறாள். என்னம்மா எழுதறே என்றேன். "இடுப்பு குதிகாலில் ஆரம்பிக்கிறது" என்று உடைந்த அரபியில் படித்துக் காட்டினாள். டீச்சர் சொன்னாராம்.

"அப்போ பல்வலி முழங்கால்ல ஆரம்பிக்குதா டாக்டர்?" என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நகர நடுவில் பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த அரங்கத்தைத் திறக்கிறார்கள். பழைய ஆட்டம், புது ஆட்டம் இரண்டும் ஆட ஒரு குழு, அதை நடத்த ஒரு ஆசிரியை. நவம்பர் ஏழாம் தேதி தேர்வு. ஐந்து பேர் போட்டி. ஆள் வாசிக்கிற இசைக்கு ஆடிக் காட்ட வேண்டும். பதிவு செய்த பாட்டு கூடாது. நடுவர் மூவரில் ஒருத்தி மதாம் இன்ஷிராஹ். அவள் ஆடிய காலத்தில் ஒன்பது வருஷம் அவளுக்கு வாசித்தவன் நான்.

இனாயத் தூக்கைத் திறந்துகொண்டே சொன்னாள்: "இது கிடைச்சா என் ஆட்டம்னு ஒண்ணு இருக்கும்பா. இல்லைன்னா சாகற வரைக்கும் இந்தக் கண்ணாடி முன்னாடி ஒண்ணு ரெண்டு மூணுதான்."

கிண்டல் ஒன்று வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

145/95. ஊறுகாயை நிறுத்தச் சொன்ன டாக்டர் ஊறுகாய் தின்கிறாரா என்று யார் அளப்பது?

அக்டோபர் 18, வெள்ளி

தாமர் ஓடிவிட்டான். இனாயத்துக்குத் தப்லா வாசிக்கிற பயல். பிளாஸ்டிக் தோல் போட்ட அலுமினியத் தப்லா. வாசித்தால் அண்டா உருளுகிற மாதிரி இருக்கும். கடற்கரை ஹோட்டல் ஒன்றில் மூன்று மாத வேலையாம். போன் பண்ணிச் சொல்லக்கூட முதுகெலும்பு இல்லை, குரலைப் பதிவு பண்ணி அனுப்பியிருக்கிறான். பின்னால் அலைச் சத்தம் வேறு.

கல்யாண மாதம். ஊரில் ஒரு தப்லாக்காரனும் சும்மா இல்லை. முலுகியாக் கீரைச் சட்டியைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அக்கார்டியன் பாசித்தும் வந்திருந்தான். சாப்பாட்டு நேரம் அவனுக்குத் தெரியாமல் போனதே இல்லை.

"ஊரெல்லாம் தப்லாக்காரனைத் தேடறோம்" என்றாள் அவாதிஃப். "இங்க ஒண்ணு சோபாவுல சாஞ்சு சூரியகாந்தி விதை கொறிச்சிட்டிருக்கு."

"எனக்குத் தோள் வலி" என்றேன்.

"வாரத்துக்கு மூணு நாள் சுற்றுலாக் கப்பல்ல வாசிக்கறப்போ வலிக்காத தோளா?" என்றான் பாசித், என் கீரையைத் தன் பக்கம் இழுத்தபடி.

சரி என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது.

இங்கே உண்மையை எழுதலாம், இருமல் மருந்துக்காரன் யாரிடமும் சொல்ல மாட்டான். தப்லாக்காரனின் கண் ஆட்டக்காரியின் இடுப்பில் இருக்க வேண்டும். அது எங்கே விழப்போகிறதோ அங்கே கை விழ வேண்டும். நாற்பது வருஷம் அப்படித்தான் பார்த்தேன். பாதிப் பேருடைய முகம் எனக்குத் தெரியாது; சந்தையில் எதிரே வந்தால் தாண்டிப் போன பிறகு நடையை வைத்துக் கண்டுபிடிப்பேன். இப்போது பெற்ற மகளை எப்படி— எங்கே வைப்பேன் கண்ணை?

அக்டோபர் 21, திங்கள்

155/95. முதல் ஒத்திகை. பழைய பலதி, நம் ஊர் நாட்டாட்டம். முதலில் அக்கார்டியன் தனியாக இழுத்து இழுத்துப் பேசும், பிறகு தப்லா வந்து சேரும், அவள் இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். எந்தச் சொல்லுக்கு எந்தப் பதில் என்று முன்கூட்டி முடிவு கிடையாது.

நான் மின்விசிறியைப் பார்த்து வாசித்தேன். நல்ல விசிறி. மூன்று இறக்கை, ஒன்றில் பல்லி எச்சம்.

என் ஒவ்வொரு 'தும்'மும் அவள் இடுப்பு விழுந்து எழுந்த பிறகு போய்ச் சேர்ந்தது. இனாயத் நிறுத்தினாள். "அப்பா, நீங்க எனக்கு வாசிக்கல. பஸ்ஸைத் தவற விட்ட ஆள் மாதிரி பின்னாடியே ஓடி வர்றீங்க."

"புது ஆட்டம், பழகணும்" என்றேன்.

"இவன் பிறக்கறதுக்கு முன்னாடி வந்த ஆட்டம்" என்றான் பாசித்.

அக்டோபர் 22, செவ்வாய்

மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். என் தப்லாவின் மீன் தோல் தொய்ந்து அவாதிஃப் பிசைந்த மாவு போல ஆகிவிட்டது. உள்ளே பல்பு எரியவிட்டுச் சூடு காட்டினேன். ஒத்திகை இல்லை. ஆகா, என்ன அருமையான மழை.

அக்டோபர் 26, சனி

160/100.

கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். கண்ணாடிக்குள்ளும் கண் விசிறிக்கே போனது. இனாயத்திடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: எந்த இடத்தில் என்ன ஆடப்போகிறாய், எண்ணிக்கை போட்டு எழுதிக் கொடு. ஆட்டத்தை எண்ணுகிறவர்களைப் பார்த்துச் சிரித்தவன், மைக்ரோபஸ்ஸில் காகிதத்தை வைத்துக்கொண்டு "ஒண்ணு ரெண்டு மூணு" என்று முணுமுணுக்கிறான். பக்கத்தில் இருந்தவர் ஜபம் செய்கிறேன் என்று நினைத்து தனக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளச் சொன்னார்.

ஒத்திகையில் அவள் காகிதத்தில் இருந்ததை ஆடவில்லை.

"எழுதிக் கொடுத்தது ஒண்ணு, ஆடறது ஒண்ணா?"

"எண்ணிக்கை மாணவிகளுக்குப்பா. நடக்கப் பழகறவங்களுக்குச் சுவரு மாதிரி. நான் ஆடறது பாசித் மாமா அன்னிக்கு என்ன கேக்கறாரோ அதுக்குப் பதில்."

அவள் சொன்னது சரி. அதனால்தான் கோபம் வந்தது. "பெத்தவன் உட்கார்ந்திருக்கறப்போ கொஞ்சம் அடக்கமா ஆடினா என்ன குறைஞ்சு போயிடும்?" என்று கேட்டுத் தொலைத்தேன். கேட்டிருக்கவே கூடாது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தித் தப்பித்திருப்பேன். "கீழ் வீட்டுக்காரர்கிட்ட நான் உடற்பயிற்சி டீச்சர்னு சொல்லி வச்சிருக்கீங்க. தெரியும், போகட்டும்னு விட்டேன். கப்பல்ல வேற பொண்ணுங்க இடுப்பைப் பார்த்து வாசிச்சுத்தானே என்னை வளர்த்தீங்க. அவங்களுக்கெல்லாம் அப்பா இல்லையாப்பா?"

பாசித் அக்கார்டியன் வார்களைச் சரி செய்துகொண்டிருந்தான். அரை மணி நேரம் சரி செய்தான்.

நான் தப்லாவை உறையில் போட்டுக் கட்டினேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

கப்பல். மதியச் சாப்பாட்டுக் கூட்டம், தட்டில் கோழி, முன்னால் ஸூஸூ ஆடுகிறாள். அவள் இடுப்பைப் பார்த்தேன், என் வேலை அது. பார்த்ததும் இந்தப் பெண்ணின் அப்பன் யாரோ என்று தோன்றியது. கை நின்றுவிட்டது.

ஆட்டம் முடிந்து வந்து, "என்ன உஸ்தாத், வாசிக்கும்போதே தூங்கிட்டீங்களா?" என்றாள்.

"உங்கப்பா என்னம்மா பண்றாரு?"

"மன்சூராவுல தச்சுவேலை. ஏன்?" பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் கப்பல்ல டிக்கெட் கிழிக்கறேன்னு நினைச்சிட்டிருக்காரு. எங்கயாவது பார்த்தா உளறிடாதீங்க."

நான் எப்படி உளறுவேன்? மகள் ஆடுவதைப் பார்க்காத அப்பன்கள், எங்கள் சங்கத்து ஆள் அவர்.

ஒரு மகளுக்கு வாசிக்க வராதவன், இப்போது யாருக்கும் வாசிக்க வராதவன். நல்ல முன்னேற்றம்.

நவம்பர் 2, சனி

158/100. ஒத்திகை. விசிறி.

நவம்பர் 7, வியாழன்

அளக்கவில்லை.

பத்து மணிக்கு அரங்கம். நடுவர்கள் மூன்று பேர். ஆட்டத்தைப் பற்றி வெளிநாட்டில் டாக்டர் பட்டம் வாங்கிய ஒரு அம்மா. அவர் ஆடி யாரும் பார்த்ததில்லை. ஒரு அதிகாரி, நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்று கொண்டுவந்து வைத்தது. நடுவில் மதாம் இன்ஷிராஹ், கைத்தடியோடு, எழுபது வயதில் உதட்டுச் சாயம் கோடு தவறாமல்.

முதலில் ஆடியவள் தலையில் மெழுகுவத்தித் தட்டோடு வந்தாள்; மெழுகு உருகியது, ஆட்டம் உருகவில்லை. அடுத்தவள் புது முறை. மேடையில் ஐந்து நிமிஷம் அசையாமல் படுத்திருந்தாள். எழுப்பலாமா என்று பாசித் கேட்டான். மற்ற இரண்டு பேரும் பரவாயில்லை. என்னைப் போன்ற ஒருவனைக் கூட்டி வராததே அவர்களுக்குப் பெரிய பலம்.

பிறகு நாங்கள். அந்த அரங்கத்தின் கூரையில் சுண்ணாம்பில் செய்த சிறகு வைத்த குழந்தைகள், ஒன்றுக்கு மூக்கு உடைந்திருந்தது. இரண்டு நிமிஷம் அதற்கு வாசித்தேன்.

கைத்தடி தரையில் தட்டியது.

"நிறுத்து. ஷஹாத்தா, மேல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல மதாம்."

"ஒன்பது வருஷம் என் இடுப்பை, மீன்கடைப் பூனை மாதிரி பார்த்தே. அப்பல்லாம் உன் கழுத்து சுளுக்கினதே இல்லையே."

அதிகாரிகூடச் சிரித்தார்.

"மதாம், அது என் பொண்ணு."

"காதைப் பார்த்தாலே தெரியுது, பாவம். அதுக்காக அவளுக்குத் தாளம் கிடையாதா? நான் மட்டும் அப்பன் இல்லாம முளைச்சேனா? முதல்லேர்ந்து வாசி."

இனாயத் மட்டும் சிரிக்கவில்லை. வெறுங்காலோடு நடுமேடையில் நின்றாள். ஆறு வருஷமாகக் கண்ணாடி முன்னால் எண்ணிக் கொடுத்துக்கொண்டே அவள் காத்திருந்தது என் கழுத்துச் சுளுக்கில் தொங்குகிறது.

பாசித் ஆரம்பித்தான். நான் கண்ணை இறக்கினேன். இறக்கினது இடுப்பில் நிற்காமல் நழுவித் தரைக்குப் போய்விட்டது. அங்கே அவள் கால். இடது குதிகாலில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு. ரெண்டு வயசுல. பெட்டியைத் தரையில வச்சது நான்தான்.

அந்தக் குதிகால் லேசாக எழுந்தது. உடனே மேலே காசுகள் குலுங்கின. மறுபடி எழுந்தது, மறுபடி குலுங்கின. இரண்டுக்கும் நடுவில் கண் சிமிட்டும் நேரம்— ஒரு கை விழுவதற்குச் சரியான நேரம். நாற்பது வருஷமாக நான் தரையைப் பார்த்ததே இல்லை. ஜெர்மன் பல் டாக்டர் நாலு வாரம் முன்பே எழுதி வைத்துவிட்டாள்.

குதிகாலுக்கு வாசித்தேன். பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

நடுவில் ஒரு இடத்தில் குதிகால் அசையவில்லை. அதனால் நானும் வாசிக்கவில்லை. பாசித்தும் ஒரே சுரத்தில் நின்றான். மேலே என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. அரங்கம் முழுக்க ஒரு இருமல்கூட இல்லை. பிறகு குதிகால் எழுந்தது, கை விழுந்தது.

முடிந்ததும் மதாம், "வாசிக்காம இருக்கவும் கத்துக்கிட்டான் கிழவன்" என்று மட்டும் சொன்னாள்.

நவம்பர் 11, திங்கள்

இனாயத்துக்கே கிடைத்தது. அவாதிஃப் அழுதுகொண்டே கூழ் காய்ச்சி அடி பிடிக்க விட்டாள். ரெண்டு கிண்ணம் சாப்பிட்டேன். 140/90.

நவம்பர் 14, வியாழன்

என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டாள்.

டீ போட்டு, புதினா போட்டு, சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்தபோதே சந்தேகப்பட்டேன். "அப்பா, அன்னிக்கு ரொம்ப நல்லா வந்துச்சு. ஆனா நீங்க குதிகாலையே பாக்கறதால நான் குதிகாலாலயே ஆடறேன். தோள் இருக்கு, கை இருக்கு, அதெல்லாம் நீங்க பாக்க மாட்டீங்க. தாமர் ஹோட்டல் வேலையைப் பாதியில விட்டுட்டுத் திரும்பி வந்துட்டான். மறுபடி எனக்கு வாசிக்கறேன்னு கேட்டுக்கிட்டே இருக்கான்."

"அந்த அண்டாவா?"

"மீன் தோல்ல வாசிக்கணும்னு சொல்லிட்டேன். நீங்க சனிக்கிழமை வகுப்புக்கு வந்து வாசிங்க. அங்க எல்லாரும் கண்ணாடியைத்தான் பார்ப்பாங்க, உங்களுக்கும் வசதி."

கோபப்பட வேண்டும் என்று முயற்சி பண்ணினேன். வரவில்லை. 135/85. மருந்துக்கடைக்காரன் தன் மாத்திரைதான் காரணம் என்கிறான்.

நவம்பர் 30, சனி

வகுப்பு. பதினேழு பேர் இப்போது. எண்ணினார்கள், வாசித்தேன். "ஒண்ணு ரெண்டு" கேட்கக் கேட்கப் பழகிவிடுகிறது, எதிர்வீட்டு ஜெனரேட்டர் மாதிரி. பல் டாக்டரிடம் குதிகால் விஷயம் சரி என்று ஒப்புக்கொண்டேன். "முழங்கால் விஷயம் தவறு" என்றாள். சோதித்துப் பார்த்திருக்கிறாளோ?

டிசம்பர் 20, வெள்ளி

முதல் நிகழ்ச்சி, மாலை நாலு மணிக்கு. கீழ் வீட்டுக்காரரைப் படியில் பார்த்தேன். "பொண்ணோட உடற்பயிற்சிப் பள்ளி எப்படிப் போகுது?" என்றார். என்னிடம் ஒரு டிக்கெட் மிச்சம் இருந்தது. "வந்து பாருங்க, அவ ஆட்டக்காரி" என்றேன். வந்தார். பெண்டாட்டியோடு வந்தார், இரண்டாவது டிக்கெட் அவரே வாங்கியிருக்கிறார்.

முன்வரிசையில் உட்கார்ந்தேன். மடியில் ஒன்றும் இல்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, அவாதிஃபின் கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டேன். தாமர் மீன் தோலில் வாசித்தான். நான் சொல்ல மாட்டேன், ஆனால் நன்றாக வாசித்தான்.

நடுவில் அந்த இடம் வந்தது. அக்கார்டியன் ஒரே சுரத்தில் நின்றது. தோளில் ஏதோ பண்ணுவாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். தோளில் ஒன்றும் பண்ணவில்லை, கையிலும் இல்லை. தப்லாக்காரனைத் திரும்பிப் பார்க்கிறாள். அவ்வளவுதான். கொஞ்சம் சிரித்து, புருவத்தைத் தூக்கி, என்ன, வர்றியா என்று கேட்கிற மாதிரி பார்த்துக்கொண்டே நிற்கிறாள். அவன் பார்த்து முடிக்கிற வரை நிற்கிறாள். பிறகுதான் குதிகால்.

தேர்வு அன்றும் என்னைப் பார்த்து அப்படித்தான் நின்றிருப்பாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிரிக்கும்போது இடது கன்னத்தில் மட்டும் குழி விழுகிறது. அவாதிஃபிடம் கேட்டேன், இது எப்போதிலிருந்து என்று.

"பிறந்ததுலேர்ந்து" என்றாள். "பையை நசுக்காதே மனுஷா."